இடைநின்ற ஆட்டம்

ஒரு சுற்றுப்போட்டியின் ஏழாஞ் சுற்று 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25 ஆந் திகதி நடந்தது. அதே போட்டியின் எட்டாஞ் சுற்று 2021 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19 ஆந் திகதி நடந்தது. நகரம் அதே நகரம். ஆடியவர் அதே எண்மர். முதலேழு சுற்றுகளில் அவரவர் ஈட்டிய புள்ளிகளும் ஈட்டியபடியே இருந்தன. இடையிற் கழிந்தது ஏறத்தாழப் பதின்மூன்று மாதம். உலகச் சதுரங்கச் சம்மேளனம் இரஷ்ய நாட்டில், உரால் மலைப் பகுதியிலுள்ள எகத்தரீன்பேர்க் நகரில் நடத்திய போட்டி அது. அதனை அறிந்தோர் நம்மிடையே சிலரே. அறிய வேண்டியவர் பலர் என்பது என் கருத்து.

தமிழ்ப் பண்டிதனுக்குச் சதுரங்கப் பலகையில் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். அவர்களுக்குச் சொல்வேன்: அச்சொல் நம் வீட்டுக்கு அடுத்த வீட்டுச் சொல். சதுர் என்பது நான்கு. அங்கம் என்பது உறுப்பு. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையும் அணிவகுத்து நிற்குங் களம் அது. பாரசீகத்திற் சத்ரங் ஆகி, அரபியரிடத்திற் சத்ரஞ்சு ஆகி, இஸ்பானியர் வாயில் அஹெத்ரெஸ் என்று உருமாறிய அச்சொல்லின் பயணத்தைச் சொல்லப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது. ஒன்றை மட்டுஞ் சொல்லி மேற்செல்வேன். பதினொராம் நூற்றாண்டில் பாரத நாட்டு வழக்கங்களை எழுதிவைத்த அல்பிரூனி, நால்வர் கூடியிருந்து கவறு உருட்டி ஆடிய சதுரங்கமொன்றைக் கண்டு குறித்துள்ளார். எக்காய் நகர வேண்டும் என்பதைக் கவறு தீர்மானித்தது. அவ்வகை வழக்கொழிந்தது. கவறில்லாத இருவராட்டமே உலகெங்கும் நிலைத்தது.

சதுரங்கத்தின் பெருமை முழுவதும் இதில் அடங்கும். கவறு இல்லை, சீட்டுக்கட்டு இல்லை, காற்று எத்திசையில் அடிக்கிறது என்ற கவலை இல்லை. இருவர்க்கும் பதினாறு பதினாறு காய். அறுபத்துநான்கு கட்டம். தோற்றவன் விதியை நோக முடியாது. இப்படிப்பட்ட ஆட்டத்துக்குள் 2020 ஆம் ஆண்டிற் கவறு மீண்டும் வந்தது. அது பலகையில் உருளவில்லை. பலகைக்குப் போகும் வழியில் உருண்டது.

வந்த விதத்தைச் சொல்கிறேன். உலக வீரரை எதிர்த்தாடும் உரிமை யாருக்கு என்பதைத் தீர்மானிப்பதற்கே எண்மர் கூடினர். ஒவ்வொருவரும் மற்றை எழுவரோடும் இருமுறை ஆடவேண்டும். ஆகப் பதினான்கு சுற்று. அந்த எண்மருள் ஒருவராக வரவேண்டியவர் அசர்பைஜான் நாட்டுத் தைமூர் ராஜபோவ். அவர் 2019 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்று அந்த இடத்தை முறைப்படி பெற்றவர். நோய் பரவிவருகிறது, போட்டியைப் பின்போடுங்கள் என்று அவர் சம்மேளனத்தைக் கேட்டார். சம்மேளனம் இசையவில்லை. அவர் விலகினார். அவருடைய இடத்துக்குப் பிரெஞ்சு நாட்டு மக்சிம் வாஷியே-லக்ராவ் அழைக்கப்பட்டார். போட்டி மார்ச் 17 ஆந் திகதி தொடங்கிற்று. அப்பொழுது உலகெங்கும் விளையாட்டரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்தன. ஒலிம்பிக் விழாவே ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டதென்ற செய்தி, எகத்தரீன்பேர்க்கிற் காய்கள் நகர்ந்துகொண்டிருந்த நாட்களிலேதான் வந்தது.

சீனத்து டிங் லிரென் அப்போட்டிக்கு வந்த வழியையும் பாருங்கள். வெல்லக்கூடியவர் என்று பலரும் எதிர்பார்த்தவர்களுள் அவர் ஒருவர். இரஷ்யாவுக்கு வந்ததும் மொஸ்கோவுக்கு அண்மையில் ஒரு வீட்டில் இரண்டு வாரம் தனிமைப்படுத்தலில் இருந்தார். பின்பு உரால் பகுதிக்குப் போய் ஆடத் தொடங்கினார். முதலிரண்டு சுற்றிலுந் தோற்றார். தனிமையினாலேதான் தோற்றார் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆயினும் இரண்டு வாரம் அடைபட்டிருந்து வந்தவரும் நேரே வீட்டிலிருந்து வந்தவரும் எதிரெதிரே அமரும்போது, இருவர்க்கும் பதினாறு பதினாறு காய் என்ற கணக்கு முழுக்கணக்காகுமா? கவறு என்று நான் சொன்னது இதனையே.

ஆடியவர்களுக்கும் மனம் ஆட்டத்தில் இல்லை. இரஷ்ய நாட்டவரான அலெக்சாந்தர் கிரிஷுக், இப்போட்டியை நிறுத்துவதே தகும் என்று போட்டி நடக்கும்போதே வெளிப்படையாகச் சொன்னார். நிறுத்தியது கடைசியில் நோயன்று, விமானம். மார்ச் 27 ஆந் திகதி தொடக்கம் வெளிநாட்டு விமானப் போக்குவரத்தை நிறுத்துவதாக இரஷ்ய அரசு அறிவித்தது. வந்தவர்களை வீடுசேர்க்க முடியும் என்று உறுதி கூற இயலாது என்ற காரணத்தைச் சொல்லி, 26 ஆந் திகதி சம்மேளனத் தலைவர் ஆர்க்காதி டுவோர்க்கோவிச் போட்டியை இடைநிறுத்தினார். அன்றைய நிலையில் முன்னின்றவர் இருவர்: இரஷ்யாவின் இயன் நெப்போம்நியாச்சியும் வாஷியே-லக்ராவும். இருவர்க்கும் ஏழில் நாலரைப் புள்ளி. முந்தின நாள் ஏழாஞ் சுற்றில் நெப்போம்நியாச்சியை வென்றவரும் வாஷியே-லக்ராவே. மூன்று வாரத்துக்கு முன் பட்டியலிலேயே இல்லாதவர், பட்டியலின் தலையில் நின்றபடி விமான நிலையத்துக்கு ஓடினார்.

ஓடியும் வீடுசேராதவர் கதை வேறு. ஐந்து முறை உலக வீரராக விளங்கிய சென்னை விசுவநாதன் ஆனந்த், ஜேர்மன் நாட்டுக் கழகப் போட்டிக்காகப் பெப்ரவரியிற் போனவர், மே மாதக் கடைசியிலேதான் தாயகந் திரும்ப முடிந்தது. எகத்தரீன்பேர்க் ஆட்டங்களுக்கு அவர் ஜேர்மனியில் இருந்தபடியே விளக்கவுரை வழங்கிக்கொண்டிருந்தார். நம் நாட்டிலும் மார்ச் நடுப்பகுதியிற் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. 20 ஆந் திகதி மாலை ஊரடங்குச் சட்டம் பிறந்தது. மூடிய கட்டுநாயக்க விமான நிலையம் உல்லாசப் பயணிகளுக்குத் திறந்தது 2021 ஜனவரி 21 ஆந் திகதியிலேதான்.

இனி, ஆட்டத்தை அறிந்தவர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. சதுரங்கத்துக்கு உடம்பு எதற்கு? பந்தாட்டக்காரனுக்குக் கால் வேண்டும். மல்லனுக்குத் தோள் வேண்டும். சதுரங்கத்தில் ஒரு நகர்வை ஓர் எழுத்தாலும் ஓர் எண்ணாலுஞ் சொல்லிவிடலாம். தபாலட்டையில் எழுதியனுப்பி ஆண்டுக்கணக்கில் ஆடியவர் எத்தனை பேர்! 1945 செப்ரெம்பரில் அமெரிக்க அணியும் சோவியத் அணியும் வானொலி வழியே பத்துப் பலகையிற் பொருதன. சோவியத் அணி பதினைந்தரைக்கு நாலரை என்ற கணக்கில் வென்றது. இருபது ஆண்டு கழித்து, 1965 இல், ஹவானாவில் நடந்த காப்பபிளாங்கா நினைவுப் போட்டிக்குப் போக பொபி பிஷருக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுக்கவில்லை. அவர் நியூயோர்க்கில் ஒரு கழகத்தின் அறையில் இருந்துகொண்டு, தன் நகர்வுகளைத் தொலையச்சு மூலம் அனுப்பியே இருபத்தோர் ஆட்டமும் ஆடினார். முதலிடம் பெற்ற சிமிஸ்லோவுக்கு அரைப் புள்ளி குறைவாக, இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அரசர்கள் வழியை அடைத்தாலும் ஆட்டம் வேறு வழி கண்டது.

2020 இலும் அப்படியே. ஏப்ரல் மாதத்திலேயே உலக வீரர் மக்னஸ் கார்ல்சன் தம் பெயரால் இணையவழிப் போட்டியொன்றை நடத்தினார். மொஸ்கோவில் அவ்வாண்டு நடக்கவிருந்த ஒலிம்பியாட் தள்ளிப்போக, அதற்குப் பதில் இணைய ஒலிம்பியாட் ஒன்று நடந்தது. ஓகஸ்ட் 30 ஆந் திகதி அதன் இறுதியாட்டத்தில் இந்திய ஆட்டக்காரர் இருவருக்குத் தொடர்பு அறுந்தது. கடிகாரம் ஓடித் தீர்ந்தது. அவர்கள் தோற்றதாகவே பலகை காட்டிற்று. முறையீட்டை ஆராய்ந்த சம்மேளனம் இந்தியாவும் இரஷ்யாவும் கூட்டு வெற்றியாளர் என்று அறிவித்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். ஆனால் காயினால் தீராத ஆட்டம் கம்பியினால் தீர்ந்தது என்பதை எந்தத் தீர்ப்பும் மாற்றாது.

எங்கள் பாடசாலையில் மாலைவேளையிற் சதுரங்கம் ஆடும் மாணவர் பத்துப் பன்னிருவர் உளர். அவர்களுக்கு நான் ஆசான் அல்லன், காவலன். கதவைத் திறப்பதும் பூட்டுவதும் என் பணி. ஊரடங்குக் காலத்தில் அவர்கள் கைத்தொலைபேசியில் ஆடினர். ஒருவன் வீட்டில் தொடர்பு கிட்டுவது கிணற்றடியில் மட்டும். அவன் துலாவுக்குக் கீழே கல்லில் இருந்து ஆடியதாகக் கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடந் திறந்த பின் அவர்கள் விறாந்தையிற் பலகையை விரித்தனர். அரை மணி நேரம் ஒரு காயும் நகரவில்லை, கதைத்துக்கொண்டே இருந்தனர். ஆட வந்தீர்களா, அரட்டைக்கு வந்தீர்களா என்று கேட்டேன். ஒருவன் சொன்னான்: “ஐயா, போனிலை விளையாடேக்கை அவன் யோசிக்கிறானோ, சாப்பிடப் போட்டானோ எண்டு தெரியாது. இப்ப தெரியுது.” 

அந்தச் சிறுவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. எதிரி யோசிக்கிறான் என்று காண்பது ஆட்டத்தின் பாதி. காயைத் தொட நீட்டிய கை பாதியில் நிற்கும், காது சிவக்கும், நாற்காலி நகரும். இவையெல்லாம் நகர்வுப் பட்டியலில் எழுதப்படுவதில்லை. இன்னொன்றுஞ் சொல்ல வேண்டும். இன்று ஒரு சிறு கைத்தொலைபேசியிலுள்ள கணிப்பொறியே உலக வீரரை எளிதில் வெல்லும். அடைத்த அறைக்குள் ஆடுபவன் தன் மூளையினாலேதான் ஆடுகிறான் என்பதற்கு யார் சாட்சி? எதிரே இருப்பவனே சாட்சி. நேர்முக ஆட்டத்தில் இருவரும் ஒருவர்க்கொருவர் எதிரிகள். அதே வேளையில் ஒருவர்க்கொருவர் சாட்சிகள். திருவாரூர்ப் பக்கத்துத் திருப்பூவனூரிற் கோயில்கொண்ட இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று திருநாமம். சதுரங்கத்தில் யாராலும் வெல்லப்படாத அரசகுமாரியை வெல்வதற்கு, அவர் கிழச் சித்தர் வடிவில் நேரில் வந்து எதிரே இருந்து ஆடினார் என்பது தலபுராணச் செய்தி. நினைத்த மாத்திரத்தில் யாவுஞ் செய்ய வல்லவர், அவரும் பயணஞ் செய்தே வந்தார்.

ஆகையால் நேர்முக ஆட்டத்துக்கு மீளவேண்டும் என்ற ஆவலை நான் குறைகூறேன். மீண்ட விதம் ஆளுக்கொரு மாதிரி. சுவிற்சர்லாந்தின் பீல் நகரில் 2020 யூலையில், ஆடுவோர் இருவர்க்கும் நடுவே கண்ணாடி போன்ற தடுப்பொன்றை நிறுத்தி ஆடவைத்தனர். தடுப்பின் கீழ்ப்புறத்துத் திறப்பினூடே கை நீட்டிக் காய் நகர்த்தவேண்டும். சிறைச்சாலையிற் கைதியைக் காணச் சென்ற உறவினர்போல இருவர் நோக்கியிருந்த அந்தப் படத்தை நான் பத்திரிகையிற் கண்டு வெகுநேரம் பார்த்திருந்தேன். ஒக்டோபரில் நோர்வேயின் ஸ்தவாங்கர் நகரில் அறுவர் கூடினர். பல மாதம் எதிராளி முகத்தை நேரிற் காணாதிருந்த கார்ல்சன், அங்கே 10 ஆந் திகதி போலந்து இளைஞர் டூடாவிடந் தோற்றார். நூற்றிருபத்தைந்து ஆட்டம் தோல்வியறியாது வந்த தொடர் அன்று முடிந்தது. 2021 ஜனவரியில் ஒல்லாந்தின் வைக் ஆன் சேயிற் பதினால்வர் ஆடினர். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான சாதாரண ஆட்டக்காரர் அதே மண்டபத்திற் பக்கத்துப் பலகைகளில் ஆடுவது அவ்விழாவின் அழகு. அவ்வாண்டு அவர்களும் இல்லை, பார்ப்போரும் இல்லை.

சதுரங்கம் இந்நோய்க்கு வாய்ப்பான ஆட்டம் என்பதையும் மறைக்கலாகாது. இரண்டடி மூன்றடி இடைவெளி, நாலைந்து மணி நேரம், மூடிய மண்டபம். என் கையிலிருந்த குதிரையை நீ வெட்டினால் அது உன் கைக்கு வரும். 2021 யூலையில் சோச்சி நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆடிக்கொண்டிருந்தவருள் ஒருவருக்கு நோய் உண்டென்று பரிசோதனை முடிவு வந்தது. ஆட்டம் அப்படியே நின்றது. அவர் தோற்றவராகக் கொள்ளப்பட்டார். அவர் இந்தோனேசியக் கிராண்ட்மாஸ்டர். நிலநடுக்கோட்டைத் தாண்டி அவ்வளவு தூரம் வந்தவர். எதிரே இருந்தவர் அமெரிக்காவின் பபியானோ கருவானா. பலகையில் நிலை எப்படி இருந்தது என்று பின்னர் யார் கேட்கப்போகிறார்? 2022 ஜனவரியிலோ இதற்கு மறுதலையான காட்சி. வைக் ஆன் சேயில் முகக்கவசம் அணியும்படி கேட்கப்பட்ட டனீல் டூபோவ், அது தம் கொள்கைக்கு ஒவ்வாது என்று மறுத்து, ஒரு காயும் நகர்த்தாமல் அனிஷ் கிரிக்கு ஆட்டத்தைக் கொடுத்துவிட்டார். கொள்கை பெரிது என்பார் சிலர். எதிரே இருப்பவன் மூச்சும் ஒரு கொள்கைதான் என்பேன் நான்.

இடைநின்ற போட்டிக்குத் திரும்புவோம். அதற்கு முன் வேறொரு போட்டியைப் பார்க்க வேண்டும். அது நிற்காத போட்டி.

1939 ஆம் ஆண்டு ஒலிம்பியாட் ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் ஐரிஸ் நகரில் நடந்தது. ஐரோப்பிய அணிகள் பல கப்பலேறிக் கடல் கடந்து போயின. ஓகஸ்ட் 24 ஆந் திகதி ஆட்டந் தொடங்கிற்று. செப்ரெம்பர் முதலாந் திகதி ஐரோப்பாவிற் போர் தொடங்கிற்று. ஆங்கில அணி வீடுநோக்கிப் புறப்பட்டது. மற்றையோர் ஆடினர். போரில் எதிரெதிரான நாட்டினர் சிலர் ஒருவரோடொருவர் ஆடாமலே புள்ளியைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஜேர்மனி முதலிடம், போலந்து இரண்டாமிடம் என்று கணக்கு முடிந்தது. முடிந்தபின் போவதற்கு வீடில்லை. பலர் அங்கேயே தங்கினர். அவர்களுள் ஒருவர் போலந்து அணியின் யூதர் மிகுவேல் நய்டோர்வ். அவருடைய மனைவியும் குழந்தையும் பெற்றோரும் உடன்பிறந்தோரும் போலந்தில் இருந்தனர். கண்ணாற் பலகையைப் பாராமல் ஒரே வேளையிற் பலரோடு ஆடும் அருஞ்செயலை அவர் பின்னர்ச் செய்துகாட்டினார். 1943 இல் நாற்பது பலகை. 1947 இல் நாற்பத்தைந்து. அச்செய்தி பத்திரிகைகளில் வரும், எங்கேயாவது உயிரோடிருக்கும் உறவினர் ஒருவர் அதனைக் காண்பார் என்ற நம்பிக்கையும் அதற்கொரு காரணமாம். யாரும் எழுதவில்லை. எழுதுவதற்கு யாரும் இருக்கவில்லை. 

2020 மார்ச்சில் டுவோர்க்கோவிச் நிறுத்தியதை இதனோடு வைத்துப் பார்க்கிறேன். தொடங்கியது தகாது, நிறுத்தியது தகும். வந்தவனை வீடுசேர்ப்பது அழைத்தவன் கடன். விருந்தினனை வாசல்வரை கொண்டுபோய் விடுவது நம் ஊர் வழக்கமுங் கூட. முதற்பாதியின் புள்ளிகள் அப்படியே நிற்கும் என்று விதித்ததும் நேர்மையே. வேறெப்படிச் செய்தாலும் ஆடிய ஏழு சுற்றும் கனவென்று ஆகியிருக்கும். 

2021 ஏப்ரல் 19. எண்மரும் திரும்பி வந்தனர். எட்டாஞ் சுற்றில் கருவானாவும் வாஷியே-லக்ராவும் எதிரெதிரே இருந்தனர். வாஷியே-லக்ராவ் கறுப்பு. அவர் ஆடிய தற்காப்பு, அவர் வாழ்நாள் முழுதும் நம்பி ஆடும் தற்காப்பு; பெயர் நய்டோர்வ். புவனஸ் ஐரிசிலிருந்து வீடு திரும்பாத அந்த மனிதரின் பெயரேதான். அதில் நச்சுக் காலாள் என்றொரு கிளை. கறுப்பு அரசி நெடுந்தூரம் சென்று ஒரு காலாளைத் தின்னும். தின்றபின் மீள்வது அரிது. பதினெட்டாம் நகர்வில் கருவானா தன் மூலைவழிக் காயொன்றை, நாம் மந்திரி என்று சொல்வதை, வெட்டுக்குக் கொடுத்தார். யாரும் அதற்கு முன் அந்த இடத்தில் ஆடியிராத நகர்வு. வீட்டிலே நெடுநாள் அடைபட்டிருந்தவர்கள் அந்த நாட்களில் என்ன செய்தனர் என்பதற்கு அந்த ஒரு நகர்வே விடை. வாஷியே-லக்ராவ் நெடுநேரம் போராடினார். நிலை ஒருபோது சமமாகியும் வந்தது. இறுதியில் தோற்றார்.

பதின்மூன்று மாதம் முதலிடத்தில் இருந்தவர் முதல் நாளிலேயே அதனை இழந்தார். போட்டி முடிவில் நெப்போம்நியாச்சிக்கு எட்டரைப் புள்ளி, வாஷியே-லக்ராவுக்கு எட்டு. அந்த ஆண்டு டுபாயில் நடந்த உலகப் போட்டியில் நெப்போம்நியாச்சி கார்ல்சனிடந் தோற்றார் என்பதைச் சொல்லி அப்பக்கத்தை மூடுகிறேன்.

ராஜபோவின் வழக்குக்கு வருவோம். நோயைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் உண்மையாயிற்று. அவர் அஞ்சியபடியே போட்டி நின்றது. சம்மேளனம் அவருக்கு 2022 ஆம் ஆண்டு மத்ரித் நகரில் நடந்த அடுத்த போட்டியில் நேரடியாக ஓரிடங் கொடுத்தது; அவரும் அங்கே மூன்றாமிடம் பெற்றார். பரிகாரஞ் செய்துவிட்டோம் என்று சம்மேளனம் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2019 இல் வென்றவனுக்கு 2020 இன் இடத்தை 2022 இற் கொடுப்பது, பசித்தவனை முன்னைய விருந்திலிருந்து எழுப்பிவிட்டுப் பின்னைய விருந்துக்கு ஓலை அனுப்புவது போன்றது. அவன் உண்பான். ஆனால் அன்றைய பசி அன்றோடு போயிற்று. எச்சரித்தவன் விலகவேண்டியிருந்தது, எச்சரிக்கையைக் கேளாதவர் நடத்தினர் என்பதையும் எவ்வகை இடமும் ஈடுசெய்யாது.

டிங் லிரெனுக்கோ கவறு ஓயாது உருண்டது. மற்றை நாடுகள் வாயிலைத் திறந்த பின்னும் சீனம் நெடுங்காலந் திறக்கவில்லை. 2022 பெப்ரவரியிற் பேர்லினில் தொடங்கிய கிராண்ட் பிரீ போட்டிக்குப் பயணத் தடைகளால் அவராற் போக முடியவில்லை. உலகில் மிகச் சிலருள் ஒருவராக மதிக்கப்பட்டவர், ஆடுவதற்கு ஆட்டமின்றி வீட்டில் இருந்தார். மார்ச்சில் உக்ரேன் போரை ஆதரித்துப் பேசிய கர்யாக்கின் தடைசெய்யப்பட, மத்ரித்தில் ஓரிடம் வெறுமையாயிற்று. தரவரிசையில் அது டிங்குக்கு உரியது. ஆயினும் ஓராண்டில் முப்பது ஆட்டம் ஆடியிருக்க வேண்டுமென்பது விதி. அவர் ஆடியிருந்தது நான்கு. சீனச் சங்கம் அவசர அவசரமாக உள்நாட்டிலேயே போட்டிகளை ஏற்படுத்தி, ஒரு மாத அளவில் அந்தக் கணக்கை நிரப்பியது. மத்ரித்தில் அவர் இரண்டாமிடம் பெற்றார். கார்ல்சன் பட்டத்தைக் காக்க விரும்பவில்லை என்று விலகவே, 2023 ஏப்ரலில் அஸ்தானாவில் நெப்போம்நியாச்சியை வென்று உலக வீரரானார். 2024 டிசம்பர் 12 ஆந் திகதி சிங்கப்பூரில் அந்தப் பட்டத்தை அவரிடமிருந்து பெற்றவர் சென்னையின் பதினெட்டு வயதுக் குகேஷ். நம்மவர் வென்றார் என்று நாம் வெடி கொளுத்திய அன்று, தோற்றவர் எந்த வழியால் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தார் என்று நினைத்தவர் எத்தனை பேரோ?

பலகையிற் சமம், பாதையிற் சமமில்லை. இது நமக்குப் புதிதன்று. சதுரங்க வீரன் ஆனாலென்ன, செவ்வியல் மாநாட்டுக்குக் கட்டுரை படிக்கப் போகும் புலவன் ஆனாலென்ன, இலங்கைக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருப்பவன் தூதரக வாசலில் நின்று பெற்ற அனுபவத்தைப் பெருந்தொற்று மற்றை நாட்டாருக்குஞ் சில காலம் கற்பித்தது. அவ்வளவே. மொஸ்கோவுக்கு உரியதாயிருந்த ஒலிம்பியாட் போரினால் இடமாறி, 2022 யூலை கடைசியில் மாமல்லபுரத்துக்கு வந்தது. நம் நாட்டில் பெற்றோல் வரிசைகள் தெருத்தெருவாக நீண்டு கிடந்த காலம் அது. அந்த வேளையிலும் இலங்கை அணியினர் அங்கே போய் ஆடினர். பாக்குநீரிணையின் மறுகரையில், பல்லவர் கல்லிற் செதுக்கிய தேர்களுக்கு அண்மையில், உலகத்து அணிகள் இருநூறு வரை கூடின. குகேஷ் முதலெட்டு ஆட்டத்தையுந் தொடர்ச்சியாக வென்றது அங்கேதான். என் மாணவருள் இருவர் அந்த ஆட்டங்களைக் கைத்தொலைபேசியிற் பார்த்தபடி, விறாந்தைப் பலகையிலும் காய்களை அதேபோல நகர்த்திக்கொண்டிருந்தனர். கப்பல் ஓடினால் விடியுமுன் போய்விடலாம் என்றான் ஒருவன். கப்பல் ஓடவில்லை.

எண்மருள் ஒருவரைப் பற்றி இன்னுஞ் சொல்லவில்லை. சீனத்து வாங் ஹாவ். 2020 மார்ச்சில் முதற் சுற்றில் டிங் லிரெனை வென்றவர் அவர். ஏழு சுற்று முடிவில் மூன்றரைப் புள்ளியோடு நடுவே நின்றார். பதின்மூன்று மாதத்தின் பின் மீண்டுவந்து ஆடிய ஏழு சுற்றில் அவர் பெற்றது ஒன்றரை. மொத்தம் ஐந்து, கடைசி இடம். போட்டி முடிந்ததும், உடல்நலங் கருதித் தொழின்முறை ஆட்டத்தினின்றும் விலகுவதாக அறிவித்துவிட்டு ஊர்திரும்பினார்.